கிராண்ட் ஜூரி சப்பீனா கைக்கு வந்தால்

அமெரிக்காவில் ஃபெடரல் ஏஜெண்டுகள், அதாவது மத்திய அரசின் புலனாய்வாளர்கள், பெரும்பாலும் இரண்டு பேராக வருவார்கள். அடையாள அட்டையைக் காட்டுவார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், "சும்மா சில கேள்விகள்தான், பத்து நிமிஷம் போதும்" என்பார்கள். கிளம்பும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். அதுதான் கிராண்ட் ஜூரி சப்பீனா, அதாவது ஒருவர்மேல் குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவின் முன் நேரில் வந்து சாட்சி சொல்லவோ ஆவணங்களைத் தரவோ சொல்லும் சம்மன். நம்மவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். பதற வேண்டியது அதற்கு முன்னால் போன பத்து நிமிஷத்துக்கு. தாளுக்குப் பதில் சொல்ல அவகாசம் கேட்டு வாங்கலாம். வாசலில் நின்று சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. சத்தியப்பிரமாணம் செய்யாவிட்டாலும், முக்கியமான விஷயத்தில் ஃபெடரல் அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொன்னால், ஃபெடரல் சட்டத் தொகுப்பு 18-இன் 1001-ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை சிறை உண்டு.

"நமக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகலாமே" என்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு மின்னஞ்சலையோ பணப் பரிமாற்றத்தையோ ஞாபகத்திலிருந்து சொல்கிறீர்கள். ஏஜெண்டின் பையில் அதன் நகல் இருக்கிறது. ஞாபகப் பிசகுக்கும் பொய்க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிறகு நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். வாசலில் பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "உங்கள் கார்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், என் வக்கீல் கூப்பிடுவார்" என்றால் போதும். தேடுதல் வாரண்ட் கொண்டுவந்திருந்தால் மட்டும் வழிவிட வேண்டும். அப்போதும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்தத் தாள். ஃபெடரல் நீதிமன்றங்களில் இதற்கு ஏ.ஓ. 110 என்ற படிவம். எந்த நீதிமன்றம், எந்த நாள், எத்தனை மணி, சப்பீனாவைக் கேட்ட அரசு வழக்கறிஞரின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். ஆவணங்கள் வேண்டுமென்றால் பட்டியல் தனித்தாளில் இணைத்திருக்கும். சாட்சிப்படி நாளொன்றுக்கு 40 டாலர். விசாரணை யார்மேல், அதில் உங்கள் இடம் என்ன என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. எனவே வக்கீல் அரசு வழக்கறிஞரைக் கூப்பிட்டு முதலில் கேட்க வேண்டியது, "என் கட்சிக்காரர் வெறும் சாட்சியா, சப்ஜெக்டா, டார்கெட்டா?" என்றுதான். அரசு வழக்கறிஞர்களின் மேலிடமான நீதித்துறையின் (ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட், நீதிமன்றம் அல்ல) கையேட்டுப்படி, குற்றத்தோடு தொடர்புபடுத்தக் கணிசமான ஆதாரம் இருந்து, நாளை குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போகிறவர் என்று அரசு வழக்கறிஞர் கருதுபவர் டார்கெட். விசாரணையின் வரம்புக்குள் தன் செயல் வந்துவிட்டவர் சப்ஜெக்ட். பதில் கிடைத்ததும் மனம் லேசாகிவிடக் கூடாது. அது இன்றைய நிலவரம் மட்டுமே, அடுத்த மாதமே மாறலாம். கையேடும் நீதித்துறை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதி. அதை மீறினார்கள் என்று நீதிமன்றம் போய் நிவாரணம் பெற முடியாது.

அந்த அறை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்பது விளங்கும். 1791-இல் வந்த அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம், மரண தண்டனைக்குரிய அல்லது இழிவு தரும் குற்றத்துக்கு யாரையும் கிராண்ட் ஜூரியின் குற்றச்சாட்டு இல்லாமல் விசாரணைக்கு நிறுத்தக் கூடாது என்கிறது. அதே திருத்தம்தான் உரிய சட்ட நடைமுறையின்றி உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இன்றைய ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதி 7-இன்படி, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய எந்தக் குற்றமானாலும், அதாவது ஃபெலனி என்றாலே, கிராண்ட் ஜூரி தரும் குற்றச்சாட்டுப் பத்திரமான இண்டைட்மெண்ட் வேண்டும். விதி 6-இன்படி ஜூரர்கள் 16 முதல் 23 பேர், 12 பேர் ஒப்ப வேண்டும். நீதிபதி உள்ளே கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீலும் கிடையாது. அரசு வழக்கறிஞர், ஒரு நேரத்தில் ஒரு சாட்சி, பதிவு செய்பவர், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர், அவ்வளவுதான். ஜூரர்கள் கலந்து பேசி வாக்களிக்கும்போது மட்டும் அரசு வழக்கறிஞரும் வெளியேற வேண்டும். ஒரு குழு 18 மாதம்வரை இருக்கும். பொதுவாக இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். அத்தனை மாதமும் ஒரே அரசு வழக்கறிஞர்களின் முகத்தைப் பார்த்துப் பழகிய குழு அது.

கேடயமாக இருக்க வேண்டிய இந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றமே தீர்ப்புக்குத் தீர்ப்பு மெலிய வைத்திருக்கிறது. 1956-இல் காஸ்டெல்லோ வழக்கு: மூன்று வரித்துறை அதிகாரிகள் பிறர் சொன்னதைத் தொகுத்துச் சொன்னதே இண்டைட்மெண்டுக்குப் போதும். 1974-இல் கலாண்ட்ரா வழக்கு: சட்டவிரோதத் தேடுதலில் கிடைத்ததை வைத்தும் சாட்சியைக் கேள்வி கேட்கலாம். 1992-இல் வில்லியம்ஸ் வழக்கு: குற்றம் சாட்டப்படப்போகிறவருக்குச் சாதகமான ஆதாரத்தை ஜூரியிடம் காட்ட வேண்டிய சட்டக் கடமை அரசு வழக்கறிஞருக்கு இல்லை. கணிசமான சாதக ஆதாரத்தைக் காட்டச் சொல்லி நீதித்துறைக் கையேடு சொல்கிறது என்றாலும், முன்னே சொன்னதுபோல் அதை வைத்து இண்டைட்மெண்டை உடைக்க முடியாது.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 2010-இல் ஃபெடரல் அரசு வழக்கறிஞர்கள் கையாண்ட வழக்குகள் சுமார் 1,62,000. கிராண்ட் ஜூரி மறுத்தது 11. எல்லா வழக்கும் அந்த அறைக்குள் போவதில்லை என்பதைக் கழித்துப் பார்த்தாலும் விகிதம் விகிதம்தான். அரசு வழக்கறிஞர் நினைத்தால் ஒரு ஹாம் சாண்ட்விச்சைக்கூட இண்டைட் செய்யவைக்கலாம் என்று நியூயார்க்கின் தலைமை நீதிபதி சால் வாக்ட்லர் 1985-இல் அடித்த கேலி இதனால்தான் நிலைத்துவிட்டது. ஆனால் 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில், ஃபெடரல் ஏஜெண்ட்மீது ஒருவர் நிஜமாகவே சாண்ட்விச்சை எறிந்த வழக்கில், ஃபெலனி இண்டைட்மெண்ட் தர கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. அரசு என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்படாத மிஸ்டிமீனர் குற்றத்துக்கு கிராண்ட் ஜூரி தேவையில்லை. அரசு வழக்கறிஞர் கையெழுத்திட்ட இன்ஃபர்மேஷன் என்ற குற்றச்சாட்டுப் பத்திரமே போதும். அந்த வழியில் வழக்குப் போட்டார்கள். நவம்பரில் விசாரணை ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் ஜூரி, அவரை விடுவித்தது. கிராண்ட் ஜூரி மறுத்தால் வழக்கு ஒழிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற இரட்டை விசாரணைத் தடை அந்தக் கட்டத்தில் பொருந்தாது. இன்னொரு கிராண்ட் ஜூரியிடம் அதே வழக்கை மறுபடி கொண்டுபோகலாம்.

ஆக, அறைக்குள் பாதுகாப்பு குறைவு. உள்ளே போவதற்கு முன் செய்வதும், இண்டைட்மெண்ட் வந்தபின் கெடுவுக்குள் செய்வதும்தான் ஆளைக் காப்பாற்றுகிறது.

முதல் காரியம் ஆவணங்கள். சப்பீனா கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து எதையும் அழிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்தி வசதி இருந்தால் அணைத்துவிட வேண்டும். அலுவலக மின்னஞ்சல் 90 நாளில் தானாக அழியும்படி வைத்திருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். ஃபோனை மாற்றுவது, லேப்டாப்பை ஃபார்மேட் செய்வது, கணக்காளரிடம் "அந்த ஃபைலை எடுத்துவிடு" என்பது எல்லாம் தனிக் குற்றம். 1519-ஆம் பிரிவில் 20 ஆண்டுவரை. மூல வழக்கில் ஒன்றும் தேறாமல், அழித்ததற்காக மட்டும் சிறைக்குப் போனவர்கள் உண்டு.

கேட்ட பட்டியல் மலைபோல் இருந்தால் வக்கீல் அரசு வழக்கறிஞரிடம் பேசிக் காலவரம்பையும் ஆட்களையும் குறைக்கச் சொல்வார், பெரும்பாலும் குறைப்பார்கள். பேசிப் பலனில்லையென்றால் விதி 17(சி)-யின் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். அங்கே வெற்றி அரிது. 1991-இல் ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில், கேட்டது விசாரணைக்குப் பயன்பட நியாயமான வாய்ப்பே இல்லை என்று சப்பீனா பெற்றவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றாகிவிட்டது. கொடுக்கும் தாள் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு ஒரு முழு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலோடு நடந்த கடிதப் போக்குவரத்தைத் தனியே பிரித்துப் பட்டியலிட வேண்டும். அவசரத்தில் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கொடுத்தால், வக்கீலோடு பேசியதைக் காட்டாமல் வைத்துக்கொள்ளும் ரகசிய உரிமையும் போய்விடலாம்.

சிறு கன்சல்டிங் கம்பெனி நடத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாவது திருத்தம் தரும், தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை மனிதருக்குத்தான், கார்ப்பரேஷனுக்கு இல்லை. தானே முதலாளி, தானே எல்லாமும் என்ற கம்பெனியானாலும் அதன் பதிவேடுகளைக் கொடுத்தே ஆக வேண்டும் (பிராஸ்வெல் வழக்கு, 1988). சொந்தத் தாள்களின் கதை வேறு. "இவை என்னிடம் இருக்கின்றன, நீங்கள் கேட்டவை இவைதான்" என்று கொடுக்கும் செயலே ஒரு சாட்சியமாகிவிடும் இடத்தில் மறுக்கலாம். 2000-இல் ஹப்பெல் வழக்கில் அது எடுபட்டது. எது கம்பெனித் தாள், எது சொந்தத் தாள் என்று பிரிப்பதற்கே வக்கீலுக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

அடுத்தது வாய். ஃபெடரல் கிராண்ட் ஜூரி அறைக்குள் சாட்சியின் வக்கீலுக்கு இடமில்லை. வராந்தாவில் நிற்கலாம், "வக்கீலைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று நீங்கள் வெளியே வரலாம். எழுந்து போனால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பது வீண். நோட்டும் பேனாவும் கொண்டுபோய், கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டு வெளியே வந்து காட்டுவதுதான் முறை. ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லி மறுப்பதென்றால் கேள்விக்குக் கேள்வி சொல்ல வேண்டும். ஒரேயடியாக "எதற்கும் பதில் சொல்ல மாட்டேன்" என்பது செல்லாது.

எந்தக் கேள்வியில் மறுக்கத் தொடங்குவது என்பதில்தான் ஆள் சறுக்குவது. 1951-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ராஜர்ஸ் வழக்கைப் பாருங்கள். டென்வர் கம்யூனிஸ்ட் கட்சியின் பொருளாளராக இருந்ததை அந்தப் பெண்மணி கிராண்ட் ஜூரியில் ஒப்புக்கொண்டார். கணக்குப் புத்தகங்கள் தன்னிடம் இருந்ததையும், வேறொருவரிடம் கொடுத்துவிட்டதையும் சொன்னார். யாரிடம் கொடுத்தீர்கள் என்றபோது மறுத்தார். காலம் கடந்துவிட்டது என்றது நீதிமன்றம்: தன்னைச் சிக்கவைக்கும் உண்மையைச் சொன்னபின் அதன் விவரத்தை மறைக்க உரிமையில்லை. அவமதிப்புக்கு நான்கு மாதச் சிறை. எந்தக் கேள்வியிலிருந்து வாயை மூட வேண்டும் என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முந்தின நாளே தீர்மானித்துவிட வேண்டும். பெயர், முகவரி தாண்டினால் மறுப்பு என்பது பல வேளைகளில் சரியான கோடு.

அரசு உங்கள் பதிலை எப்படியும் வாங்கியே தீரவேண்டும் என்று நினைத்தால், 6002-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்ற ஆணை மூலம் பாதுகாப்பு தரும். சொன்னதையும், சொன்னதிலிருந்து கிளைத்ததையும் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது (காஸ்டிகார் வழக்கு, 1972). வேறு வழியில் கிடைத்த ஆதாரத்தை வைத்து வழக்குப் போடலாம், ஆகவே இது முழு மன்னிப்பு இல்லை. அந்த ஆணைக்குப் பிறகும் பேச மறுத்தால் கிராண்ட் ஜூரியின் காலம் முடியும்வரை, அதிகபட்சம் 18 மாதம், சிறையில் வைக்கலாம். பொய் சொன்னால் 1623-ஆம் பிரிவு, 5 ஆண்டு. இதோடு 'ஒருநாள் ராணி' என்று வக்கீல்கள் கேலியாகச் சொல்லும் பேச்சுவார்த்தைக் கடிதத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் நீங்கள் சொல்வதை நேரடியாகப் பயன்படுத்த மாட்டார்கள், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு புது ஆதாரம் தேடலாம் என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும். படிக்காமல் கையெழுத்திடுபவர்கள் கோட்டைவிடும் வரி அதுதான்.

வெளியே வந்ததும் வக்கீலின் அலுவலகத்துக்குப் போய் கேட்ட கேள்விகள் அத்தனையையும் ஒப்பித்துவிடுங்கள். ஜூரர்களுக்கும் அரசு வழக்கறிஞருக்கும் ரகசியக் கட்டுப்பாடு உண்டு. ஃபெடரல் விதிப்படி சாட்சிக்குக் கிடையாது. வழக்கு எந்தத் திசையில் போகிறது என்பது அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

கைது முதலில் வந்துவிட்டால் கணக்கு மாறும். வாரண்ட் இல்லாமல் கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் நியாயமான காரணம் உண்டா என்று ஒரு நீதிபதி பார்க்க வேண்டும் (ரிவர்சைட் கவுண்ட்டி வழக்கு, 1991). ஃபெடரல் வழக்கில் புகார் மனுவின் பேரில் காவலில் இருந்தால் முதல் ஆஜரிலிருந்து 14 நாளுக்குள், வெளியே இருந்தால் 21 நாளுக்குள் முன்விசாரணை, அதாவது வழக்கை நடத்தப் போதிய காரணம் உண்டா என்று நீதிபதி பார்ப்பது. அங்கே அரசுத் தரப்புச் சாட்சியை உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்யலாம். அது பிடிக்காததால்தான் அந்த நாளுக்கு முன்பே இண்டைட்மெண்ட் வாங்கி முன்விசாரணையையே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். கைதிலிருந்து 30 நாளுக்குள் இண்டைட்மெண்ட், அதன்பின் 70 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்பது விரைவு விசாரணைச் சட்டம். நீட்டிப்புகளைக் கழித்துவிட்டுத்தான் இந்த நாள்களை எண்ண வேண்டும். மனுக்கள் நிலுவையில் உள்ள நாள் கணக்கில் சேராது. பேச்சுவார்த்தைக்காக 30 நாளை நீட்டிக்கச் சம்மதம் கேட்பார்கள். பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்காமல் சம்மதிக்கக் கூடாது.

மாநில வழக்கென்றால் இதெல்லாம் அப்படியே பொருந்தாது. கலிஃபோர்னியாவில் கிராண்ட் ஜூரி இல்லாமல் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஹர்ட்டாடோ, மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் பதினான்காவது திருத்தத்தின் உரிய சட்ட நடைமுறைப்படி அது தவறு என்றார். 1884-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, இன்றுவரை அதுவே நிலை. கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் முன்விசாரணைதான். நியூயார்க்கில் ஃபெலனிக்கு கிராண்ட் ஜூரி உண்டு, அதுவும் ஃபெடரலைவிடத் தாராளமானது. ஃபெலனி புகாரில் காவலில் இருப்பவரை 120 மணி நேரத்துக்குள் (வார இறுதியோ விடுமுறையோ குறுக்கிட்டால் 144) முன்விசாரணை செய்யவோ கிராண்ட் ஜூரி வாக்கு வாங்கவோ இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். வழக்கு நிற்கும், ஆள் வீட்டுக்குப் போகலாம். புகார் நிலுவையில் உள்ளவர் கிராண்ட் ஜூரி முன் தானே பேசவும் உரிமை உண்டு, வக்கீலும் கூடவே உள்ளே வரலாம். சாட்சி சொல்பவருக்குக் கிடைக்கும் வழக்குப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் விலை. அந்த வாய்ப்பைத் தராமல் இண்டைட் செய்துவிட்டால், இண்டைட்மெண்டுக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட 5 நாளுக்குள் ரத்து கோர வேண்டும். ஆறாம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

இண்டைட்மெண்டையே தாக்குவது? ஆதாரம் போதாது என்று தாக்க முடியாது, காஸ்டெல்லோ அந்த வழியை அடைத்துவிட்டது. நடைமுறைத் தவறுகளை விசாரணைக்கு முன்பே எழுப்ப வேண்டும். 1986-இல் மெக்கானிக் என்பவரின் வழக்கில் இரண்டு ஏஜெண்டுகள் விதியை மீறி ஒரே நேரத்தில் அறைக்குள் சாட்சி சொன்னது விசாரணை தொடங்கிய பிறகுதான் தெரியவந்தது. விசாரணை ஜூரி தண்டித்துவிட்டதால் அந்தத் தவறுக்கு இனி மதிப்பில்லை என்றார்கள். நிஜமாகவே எடுபடுபவை இரண்டு. ஒன்று, ஜூரர் தேர்வில் இனப் பாகுபாடு. அதே 1986-இல், 1962-இல் கறுப்பினத்தவரை ஒதுக்கிய கிராண்ட் ஜூரியால் குற்றம் சாட்டப்பட்ட ஹில்லரியின் தண்டனை 24 ஆண்டு கழித்து ரத்தானது. மற்றொன்று, எழுதியிருப்பதைத் தாண்டி வேறொன்றுக்குத் தண்டிப்பது. ஸ்டிரோன் வழக்கில் இண்டைட்மெண்ட் பென்சில்வேனியாவுக்கு வந்த மணல் போக்குவரத்தைப் பற்றியது. விசாரணையில் எஃகு ஏற்றுமதியையும் நுழைத்தார்கள். 1960-இல் தண்டனை போயிற்று. எனவே இண்டைட்மெண்டை வரி வரியாகப் படித்து, மங்கலாக இருக்கும் இடத்துக்கு, இண்டைட்மெண்டுக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட 14 நாளுக்குள் விவரப் பட்டியல் கேட்பது வெறும் சடங்கு அல்ல.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு இவை பொருந்துமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. 1896-இல் வோங் விங் வழக்கில் சீனக் குடியேறிகளை விசாரணையில்லாமல் கடின உழைப்புச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை உச்ச நீதிமன்றம் உடைத்து, கிராண்ட் ஜூரி உள்ளிட்ட பாதுகாப்புகள் வெளிநாட்டவருக்கும் உண்டு என்றது. இரண்டு விஷயத்தில் மட்டும் நிலைமை வேறு. ஜூரராக உட்கார குடியுரிமை வேண்டும். எச்1பி-யில் அல்லது கிரீன் கார்டில் இருப்பவருக்கு ஜூரி அழைப்பு வந்தால் தூக்கிப் போடாமல், குடிமகன் இல்லை என்று படிவத்தில் குறித்து அனுப்ப வேண்டும். மற்றது ஜாமீன்: கிரீன் கார்டும் இல்லாதவர் ஓடிவிடக்கூடும் என்று நீதிபதி கருதினால், குடியேற்றத் துறைக்குத் தகவல் சொல்ல வார இறுதி, விடுமுறை கழித்து 10 நாள்வரை காவலில் வைக்கலாம்.

குடியேறியவருக்கு மிகப் பெரிய ஆபத்து, வழக்கை ஒப்பந்தத்தில் முடிக்கும் கட்டத்தில் வருகிறது. இண்டைட்மெண்ட் உரிமையை விட்டுக்கொடுத்து, இன்ஃபர்மேஷனில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டுத்தான் அந்தக் கையெழுத்து செல்லும். அதற்கு முன், நாடுகடத்தல் விளைவைப் பற்றிக் குற்றவியல் வக்கீல் ஆலோசனை சொல்லியே ஆக வேண்டும் (படியா வழக்கு, 2010). குடியேற்ற வக்கீல் ஒருவரிடமும் எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள். மோசடி வழக்கில் பார்க்க வேண்டியது நஷ்டத் தொகை. 10,000 டாலரைத் தாண்டினால் குடியேற்றச் சட்டத்தில் அது கடுங்குற்றம், கிரீன் கார்டு இருந்தாலும் வெளியேற்றலாம். இந்தியாவிலிருந்து குடியேறிய நிஜாவனின் வழக்கில் ஜூரி நஷ்டத் தொகையைத் தீர்மானிக்கவே இல்லை. தண்டனைக் கட்டத்தில் 10 கோடி டாலருக்கு மேல் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சிறை மாதங்களுக்குப் பேரம் பேசும் அதே மேசையில், எந்தத் தாளில் எந்தத் தொகை ஏறுகிறது என்பதற்கும் பேரம் பேச வேண்டும்.